ராணி பாட்டோட ரெண்டாவது அடி

எங்க எஸ்டேட்டுல என் பேரு பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஒன்ஸ்மோரு'ன்னுதான் கூப்பிடுவாங்க. நாடகத்துல ஒரு பாட்டு நல்லா இருந்தா சனங்க ஒன்ஸ்மோர்னு கத்துவாங்க. பாடுனவரு என்ன அசதியில இருந்தாலும் கும்பிடு போட்டுட்டு மறுபடியும் முதல்லேருந்து பாடணும். அதுதான் சட்டம். நான் அந்தச் சட்டத்தை நாடகக் கொட்டகையோட நிறுத்திக்கலை. காலையில பெரட்டுக் களத்துல ஆளுங்கள வரிசையா நிக்க வச்சு வேலை பிரிக்கிறப்ப, பெரிய கங்காணி எல்லாரையும் சேத்து வைவாரு. வஞ்சு முடிச்சு அவரு மூச்சு வாங்குற நேரம் பாத்து, பின் வரிசையிலேருந்து மெதுவா ஒரு 'ஒன்ஸ்மோர்' வரும். யாருன்னு எல்லாருக்கும் தெரியும். கங்காணிக்கும் தெரியும். உள்ளுக்குள்ள அவருக்கும் கொஞ்சம் பெருமை போல, விட்டுருவாரு.

எனக்கு வேலை புகை வீட்டுல. பாலை உறைய வச்சு தட்டையா அழுத்துன ரப்பரை மூங்கில் கம்புல துணி மாதிரி தொங்கவிட்டு, கீழ விறகு போட்டு புகை காட்டணும். நெருப்பு பெருசாகவும் கூடாது, அணையவும் கூடாது. நாப்பது தாண்டுன ஆளுக்கு ஏத்த வேலைதான். ஆனா கண்ணு எப்பவும் செவந்திருக்கும். புதுசா வர்றவங்க கள்ளுன்னு நினைச்சுப்பாங்க. கிட்ட வந்து ரப்பர் நாத்தம் அடிச்சதும், கள்ளுக்காரனே தேவலைன்னு தள்ளி உக்காருவாங்க.

ஊரையே சிரிக்க வைக்கிறவன் வீட்டுல எந்நேரமும் ஆளு இருக்கும்னு நினைப்பீங்க. லயத்துல வரிசையா இருக்குற வீட்டுல கடைசி வீடு என்னோடது. வாசல்ல நின்னு சிரிச்சுட்டுப் போனவங்க நிறையப் பேரு. உள்ள வந்து உக்காந்தவங்க இல்லவே இல்லைன்னு சொல்லலாம். ஒரே ஒரு பலகை முக்காலிதான் இருந்துச்சு, அது காரணமா இருக்கும்னு இன்னொண்ணு செஞ்சு பாத்தேன். முக்காலி ரெண்டாச்சு, அவ்வளவுதான்.

அந்த வருசம் மழைக்காலத்துக்கு முந்தி ஒரு நாள், சுங்கை சிப்புட் கடைத்தெருவுல ஒரு மாட்டு வண்டி தமுக்கடிச்சுக்கிட்டே வந்துச்சு. ரோஸ் கலர் நோட்டீஸை வாரி எறைச்சாங்க. ஏழெட்டு வருசத்துக்கு முன்னால கப்பல்ல வந்து ஊர் ஊரா கூடாரம் போட்ட ஒரு நாடகக் கம்பெனி மறுபடியும் வந்திருக்கு, ஈப்போ கொட்டகையில அதே பழைய ராணி நாடகத்தைப் போடுறாங்கன்னு போட்டிருந்துச்சு. தோட்டத்துச் சனங்களுக்காக ஞாயித்துக்கெழமை பகலாட்டமும் உண்டாம். ஆட்டம் முடிஞ்சு சாயங்கால ரயில்ல வீடு வந்து சேந்துரலாம்.

ராணி நாடகம்னா எல்லாருக்கும் தெரியும். மந்திரி சூது பண்ணி ராசாவை சிறையில போட்டுருவான். ராணி கைப்புள்ளையோட காட்டுக்குப் போயிருவா. அங்க மரக்கிளையில சேலையைத் தூளியாக் கட்டி, புள்ளையைப் போட்டு ஆட்டிக்கிட்டே ஒரு தாலாட்டு பாடுவா. நாடகம் மொத்தமும் பாட்டுதான், சண்டைகூட பாட்டுலதான் போடுவாங்க. ஆனா சனங்க வாயில நின்னது அந்தத் தாலாட்டுதான்:

காட்டுக்குள்ளே வீடு கட்டி
காத்தைக் காவல் வச்சேனே
கண்ணு மூடு ராசா மகனே
கதவில்லாத வீட்டிலே

நோட்டீஸ் வந்த நாள்லேருந்து எஸ்டேட்டு எஸ்டேட்டா இல்லை. பழைய ஆட்டத்தைப் பாத்தவங்கல்லாம் ஒரே நாள்ல பெரிய வித்துவானாயிட்டாங்க. பாக்காதவங்க பாத்தவங்களை விட அதிகமாப் பேசுனாங்க. பழைய ராணிக்கு ஒரு கட்சி, நோட்டீஸ்ல படம் போட்ட புது ராணிக்கு ஒரு கட்சி. ரெண்டு ராணியும் ஆம்பளைங்கதான். அதைப் பத்தி யாருக்கும் கவலை கிடையாது.

பாலை ரப்பராக்குற எங்க ஸ்டோருல ஆளுங்களை மேய்க்கிற தண்டல் ஒருத்தன் இருந்தான். எனக்கு எந்த உறவும் இல்லை, ஆனா மச்சான்னுதான் கூப்பிடுவான். அவன் புது ராணி கட்சி. எஸ்டேட்டு சார்பா மேடையில ராணிக்கு மெடல் குத்தணும்னு ஒரு மெடல் செய்யச் சொல்லி வாங்கி வச்சுக்கிட்டு, கை நடுங்காம குத்திப் பழகணும்னு ஒவ்வொரு நாளும் புகை வீட்டுக்கு வருவான். என் சட்டையிலதான் பழகுவான்.

"அசையாதே மச்சான். ராணி இப்படியா நெளிவா?"

"ராணிக்கு உள்ள பாடி துணி இருக்கும்லா. எனக்கு வெறும் நெஞ்சு."

பக்கத்து வீட்டு அக்கா பழைய ராணி கட்சி. அவங்க மரம் வெட்டுறவங்க, ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறி பால் எடுக்குற வேலை. அந்த நாடகத்தைப் பாத்ததே கிடையாது. "பாக்காட்டி என்ன, பழசுதான் ஒசத்தி"ன்னு ஒரே பிடி. அவங்க பாட்டைப் பாடிக்காட்டி "சரியா இருக்கா"ன்னு என்னைக் கேப்பாங்க. அந்த நாலு வரி, அதான் முதல் அடி, முடிஞ்சதும் நிறுத்திருவாங்க.

"அடுத்த அடி என்னக்கா?"

"அடுத்ததா? அது யாருக்குத் தெரியும். நீதான் பெரிய ஒன்ஸ்மோராச்சே, உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அதுதான் சங்கதி. எல்லாரும் ராணியைப் பாக்கணும்னு தவிச்சாங்க. எனக்கு அந்த ரெண்டாவது அடியைக் கேக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்.

சுங்கை சிப்புட்டுக்கு வர்றதுக்கு முன்னால நான் சுங்காய் பக்கத்துல ஒரு தோட்டத்துல மரம் வெட்டுனேன். மரம் வரிசையா நிக்கிறதை நெரைம்போம், பக்கத்து நெரையில என் வீட்டுக்காரி வெட்டுவா. பழைய ஆட்டம் அந்தப் பக்கம் வந்தப்ப ரெண்டு பேரும் போனோம். நான் பபூனைப் பாத்து சிரிச்ச சிரிப்புல ராணி வந்ததும் போனதும் ஞாபகம் இல்லை. அவ பாட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டா. மறுநாள்லேருந்து விடியுறதுக்கு முந்தி தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு மரத்துக்கு மரம் போறப்பல்லாம் அதேதான். சத்தத்தை வச்சே அவ எந்த மரத்துல நிக்கிறான்னு சொல்லிருவேன். முதல் அடி முடிஞ்சதும் என் நெரையிலேருந்து நான் ஒன்ஸ்மோர்னு கத்துவேன். "வேலையைப் பாரு"ம்பா. ஆனா சட்டம் சட்டம்தானே, திரும்ப முதல்லேருந்து பாடுவா. ரெண்டாவது அடிக்குப் போறதுக்குள்ள தூரமாப் போயிருப்பா, இல்லாட்டி என் வாளி நிறைஞ்சிருக்கும்.

ஒரு மழைக்காலத்துல அவளைக் காய்ச்சல் கொண்டு போயிருச்சு. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு கங்காணி வந்து சுங்கை சிப்புட்டுல ஆளு வேணும்னாரு, வந்துட்டேன். இங்க யாருகிட்டயும் அவளைப் பத்திச் சொல்லலை. சொன்னா, என் கேலிக்குச் சிரிக்கிறதுக்கு முன்னால ஒரு நிமிசம் யோசிப்பாங்க. கேலிக்கு அந்த ஒரு நிமிசம் ஆகாது.

அவ முகம் ஞாபகம் இருக்கு. குரல்தான் போயிருச்சு. முதல் அடியை ஊரே பாடுது, அதுல அவ குரல் கலந்து காணாமப் போச்சு. ரெண்டாவது அடியை, அரையும் குறையுமா இருந்தாலும், அவ பாடி மட்டும்தான் கேட்டிருக்கேன். அந்த அடி கிடைச்சா குரலும் பின்னாடியே வந்துரும்னு ஒரு நினைப்பு. புகைக்குள்ள ரொம்ப நேரம் உக்காந்தா இப்படியெல்லாம் நினைப்பு வரும்.

துண்டு துண்டா சில வார்த்தை மட்டும் இருந்துச்சு. அதை வச்சு யாராவது மீதியைச் சொல்லமாட்டாங்களான்னு ஒரு நாள் தண்டல்கிட்டயும் அக்காகிட்டயும் கேட்டேன்.

"ரெண்டாவது அடியில மழைன்னு வரும். மழை பெஞ்சா வேலையில்லைன்னு வரும். அப்புறம் கஞ்சின்னு ஒண்ணு வரும்."

தண்டல் என்னையே பாத்தான். அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான்.

"ராணி என்ன ரப்பர் மரமா வெட்டுனா? மழை பெஞ்சா அவளுக்கு எதுக்கு வேலை நிக்குது?"

அக்காவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. "போ தம்பி, ராணியைப் போயி கஞ்சி குடிக்க விட்டியே."

நானும் சிரிச்சேன். அவங்க சொல்றது நியாயம்தான். எங்கயோ வேற பாட்டைப் போட்டுக் குழப்பிக்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழமை காலையில ரயில் நிலையமே எங்க எஸ்டேட்டுக் களம் மாதிரி இருந்துச்சு. ஆளாளுக்குப் புது வேட்டி. நான் மூணு தடவை குளிச்சேன், அப்படியும் ரயில்ல எனக்குப் பக்கத்துல மட்டும் எடம் காலியா இருந்துச்சு. தண்டல் மெடலைக் கைக்குட்டையில சுத்தி மடியில வச்சுக்கிட்டு, ரயில் குலுங்குறப்பல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தான். ஈப்போவுல இறங்கி கோப்பிக் கடையில ஆளுக்கொரு கோப்பி குடிச்சோம். கடை மொதலாளி சீனன் தவுக்கே எங்க கூட்டத்தைப் பாத்து, யாருக்குக் கல்யாணம்னு மலாய்ல கேட்டாரு. "ராணிக்கு"ன்னேன். அவரும் தலையாட்டிட்டாரு.

கொட்டகை தகரக் கூரை. உள்ள சூடு எங்க புகை வீட்டுக்குத் தம்பி மாதிரி. தரை டிக்கெட்டுல ஒவ்வொரு எஸ்டேட்டும் தனித்தனிக் கூட்டமா உக்காந்துச்சு. அந்தப் பக்கம் சுங்காய் ஆளுங்ககூட இருந்தாங்க. தெரிஞ்ச முகம் இருக்கான்னு பாத்தேன். இல்லை.

நாடகம் ஆரம்பிச்சுச்சு. ராசாவுக்கு ஒன்ஸ்மோர், மந்திரிக்கு ஒன்ஸ்மோர். பபூன் கீழ விழுந்ததுக்கும் ஒன்ஸ்மோர், பாவம் மறுபடியும் விழுந்தாரு. தண்டல் என்னை இடிச்சுக்கிட்டே இருந்தான்.

"என்ன மச்சான், தொண்டை கட்டிருச்சா? எஸ்டேட்டு மானம் போகுதுலா."

"ராணிக்காக வச்சிருக்கேன்"னு சொன்னேன்.

காட்டுத் திரை எறங்குச்சு. புது ராணி வந்தாரு. சின்ன வயசுதான், நல்ல குரல். சேலைத் தூளியைப் பிடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சாரு. கொட்டகையில ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. பழைய கட்சி, புது கட்சி ரெண்டும் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கு. 'கதவில்லாத வீட்டிலே'ன்னு முடிச்சாரு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். இப்ப வரும்.

வந்தது ஒன்ஸ்மோர். தகரமே அதிர்ந்துச்சு. ராணி கும்பிட்டுட்டு மறுபடியும் காட்டுக்குள்ள வீடு கட்டுனாரு.

ரெண்டாவது தடவையும் அதே எடத்துல அதே கூச்சல். எனக்குத் தாங்கலை. எந்திரிச்சு நின்னுட்டேன்.

"மேல பாட விடுங்கப்பா"ன்னேன். "அடுத்த அடியைக் கேப்போம்."

என் குரல் பெரிய குரல். அதைத்தான் எல்லாரும் எதிர்பாத்துக்கிட்டு இருந்தாங்க போல. என்ன சொல்றேன்னு ஒருத்தரும் கேக்கலை. எங்க எஸ்டேட்டு கூட்டம் மொத்தமும் திரும்பிப் பாத்து சிரிச்சுச்சு. "மச்சான் ஆரம்பிச்சுட்டான்லா"ன்னு தண்டல் என் கையைப் பிடிச்சு மேல தூக்கிட்டான். அவ்வளவுதான், எனக்குப் பின்னால இருநூறு தொண்டை சேந்துக்கிச்சு. நான் வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டுறேன். அதையும் தாளம்னு நினைச்சு அக்கா கை தட்டுறாங்க.

மூணாவது தடவை பாடி முடிக்கிறப்ப ராணிக்குக் குரல் கம்மிருச்சு. கூட்டம் வாயைத் திறக்குறதுக்குள்ள பபூன் விறகுக் கட்டோட உள்ள வந்துட்டாரு. ரயிலுக்கு ஆளுங்க போகணும், ஆட்டத்தை ஓட்டுன்னு பின்னாலேருந்து யாரோ கையைக் காட்டிருப்பாங்க. காட்டுத் திரை ஏறிருச்சு. நான் உக்காந்தேன். ராசா எப்ப சிறையிலேருந்து வந்தாரு, மந்திரியை என்ன பண்ணாங்க, எனக்குத் தெரியாது. தண்டல் மேடையேறி மெடல் குத்துனதை மட்டும் பாத்தேன். கை நடுங்காமத்தான் குத்துனான். என் நெஞ்சுல அத்தனை ஓட்டை போட்டது வீண் போகலை.

ஆட்டம் முடிஞ்சதும் ராணியைக் கிட்டப் பாக்கணும்னு தண்டல் திரைக்குப் பின்னால போனான், நானும் ஒட்டிக்கிட்டேன். ராணி ஒரு ஓரத்துல முகத்து மாவைத் துடைச்சுக்கிட்டு, சுடுதண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. பேச முடியலை, சிரிச்சாரு. தண்டல் அவரு முன்னால போய் நின்னதும் பேச்சு மறந்து சிலையாயிட்டான். நான் ஆர்மோனியக்காரர் பக்கம் போனேன். அவரு என் வயசுக்காரரு. பெட்டியைத் துணியால தொடச்சுக்கிட்டு இருந்தாரு.

"அண்ணே, பழைய ஆட்டத்துலயும் நீங்கதான் வாசிச்சீங்களா?"

"நான்தான். கம்பெனியில மாறாதது நானும் இந்தப் பெட்டியும்தான். பெட்டிக்குக்கூட ரெண்டு கட்டை மாத்திட்டோம்."

"ராணி தாலாட்டோட ரெண்டாவது அடியைச் சொல்லுங்கண்ணே. இவங்க கத்துன கத்துல கேக்க முடியாமப் போச்சு."

அவரு துடைக்கிறதை நிறுத்துனாரு. "ரெண்டாவது அடியா? அந்தப் பாட்டுக்கு ரெண்டாவது அடியே கிடையாதேய்யா."

"இருக்குண்ணே. நான் கேட்டிருக்கேன்."

"பாட்டே நாலு வரிதான். அதைப் பாடிட்டு ராணி சும்மா தூளியை ஆட்டுவா. பெட்டி மட்டும் அதே மெட்டை ஒரு சுத்து வாசிக்கும். இங்க பாரு."

பெட்டியைத் திறந்து, துருத்தியை இழுத்து மெதுவா வாசிச்சாரு. எனக்குத் தெரிஞ்ச மெட்டுதான். வார்த்தை இல்லை.

"எங்க கேட்டே நீ?"

"சுங்காய் பக்கம்."

"எங்க மேடையிலயா?"

இல்லைன்னு தலையை ஆட்டுனேன். அவரு சிரிச்சாரு. கேலி பண்ற சிரிப்பு இல்லை.

"தோட்டத்துலயா? அப்படிச் சொல்லு. நாங்க போற எடமெல்லாம் இந்தக் கதைதான். மெட்டை காலியா விட்டுட்டுப் போனா நம்ம பொம்பளைங்க சும்மா விடுவாங்களா? ஆளுக்கொரு அடி கட்டிப் போட்டுக்குவாங்க. ஒரு ஊர்ல ஒரு அம்மா மாமியாளை வச்சுப் பாடுச்சு, அதைக் கேட்டு மாமியாளே சிரிக்கிறா. நீ கேட்டது எப்படி இருந்துச்சு?"

"மழை பெஞ்சா வேலையில்லைன்னு வரும். அப்புறம் கஞ்சின்னு வரும். மீதி தெரியலை."

"பாத்தியா, ராணிக்குக் கஞ்சி ஏது. யாரு பாடுனது?"

"வீட்டுல."

"வீட்டுக்காரம்மாவா? வந்திருக்காங்களா?"

"வரலை."

"அடுத்த தடவை கூட்டிக்கிட்டு வாய்யா. முழுசாப் பாடச் சொல்லிக் கேக்கணும். நல்ல ஆரம்பமா இருக்கு."

"சரிண்ணே"ன்னு சொன்னேன்.

தண்டலுக்கு அதுக்குள்ள பேச்சு வந்துருச்சு, ரயிலுக்கு நேரமாச்சுன்னு என்னை இழுத்தான். வழியில, "யாரை மச்சான் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு?"ன்னு கேட்டான்.

"கங்காணியை. பபூனா சேத்துக்கிறாங்களாம்."

ரயில் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி சிரிச்சாங்க. ஜெலாப்பாங் தாண்டுறப்ப அக்கா பாட்டை ஆரம்பிச்சாங்க, ஒரு பெட்டியே சேந்து பாடுச்சு. நாலு வரி முடிஞ்சதும் ஒன்ஸ்மோர், திரும்ப நாலு வரி. என்னைக் கத்தச் சொன்னாங்க, கத்துனேன். பக்கத்து எடம் போகும்போது இருந்த மாதிரியே காலியா இருந்துச்சு. நான் ஜன்னலுக்கு வெளியே பாத்துக்கிட்டு இருந்தேன். எத்தனை நாளு அந்த அடி நாடகத்துல இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். கம்பெனி திரும்ப வந்தாப் போதும், கேட்டுக்கலாம்னு இருந்தேன். அது கம்பெனியோட சரக்கே இல்லை. அவ கட்டுனது. பக்கத்து நெரையில ஒரே ஒரு ஆளுதான் இருந்தான், அவனும் ஒன்ஸ்மோர்னு கத்திக்கிட்டு இருந்தான்.

மறுநாள் விடியுறதுக்கு முன்னால நல்ல மழை. மரம் நனைஞ்சா பால் வெட்ட முடியாது, அதனால பெரட்டு இல்லை, வேலை இல்லை, சம்பளமும் இல்லை. லயத்துல எல்லாரும் வாசல்ல உக்காந்து நேத்துப் பாத்த நாடகத்தையே பேசிக்கிட்டு இருந்தாங்க. புது ராணி கட்சிக்கும் பழைய ராணி கட்சிக்கும் இன்னும் தீரலை. புகை வீட்டுக்கு மட்டும் மழை, வெயில் கிடையாது. நெருப்பு அணையக்கூடாதே. நான் சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு கிளம்புனேன்.

"மழை பெஞ்சும் உனக்கு வேலையா தம்பி"ன்னு அக்கா கேட்டாங்க.

"ராணிக்கு மட்டும்தான்கா லீவு"ன்னேன். சிரிச்சாங்க.

உள்ள போயி விறகைத் தள்ளிவிட்டு உக்காந்தேன். தகரத்துல மழைச் சத்தம். அங்க பாடுனா வெளியே கேக்காது. நாலு வரியையும் பாடுனேன். என் குரலுக்குக் கைக்குழந்தை முழிச்சுக்கும், தூங்காது. அதுக்கப்புறம் ஆர்மோனியக்காரர் வாசிச்ச மாதிரியே மெட்டை மட்டும் மனசுக்குள்ள ஓட்டி, தெரிஞ்ச வார்த்தையை அங்கங்க வச்சுப் பாத்தேன். முதல் எடத்துல மழை. பக்கத்துல, பெஞ்சா வேலையில்லே. அப்புறம் கொஞ்ச தூரம் ஒண்ணுமில்லை. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால கஞ்சி. அதுக்கு முந்தி 'மச்சானுக்கு'ன்னு ஒரு வார்த்தை இருந்த மாதிரி இருந்துச்சு. இருந்திருக்கும். அவ என்னை அப்படித்தான் கூப்பிடுவா. இல்லாட்டி அதுவும் நானா போட்டுக்கிட்டதா இருக்கலாம்.

மீதி எடத்தை நிரப்ப எனக்கு ரொம்ப நேரம் ஆகாது. நாலு பேரு சிரிக்கிற மாதிரி கட்டி, அன்னிக்கு மத்தியானமே லயத்துல பாடிக் காட்டியிருக்கலாம். செய்யலை. அந்த எடம் வர்றப்ப வாயை மூடிக்கிட்டு, மெட்டு தாண்டிப் போற வரைக்கும் விறகைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் எனக்கு நானே ஒன்ஸ்மோர் சொல்லிக்கிட்டு, முதல்லேருந்து ஆரம்பிச்சேன்.